பட்டப்படிப்புக்குப் பிறகு வீடியோ கேம் படிப்பு: பெற்றோர்களின் கவனத்திற்கு

 

கல்வி உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் மனுக்களில் இந்த ஆண்டு ஒரு புதுப் படிப்பின் பெயர் இருந்தது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த ஒரு தம்பி, பிரிட்டனுக்குப் போய் வீடியோ கேம் உருவாக்கத்தில் எம்.எஸ்சி. படிக்க விரும்புகிறார். உடன் வந்த அவருடைய வாப்பாவுக்கு இரண்டு கவலைகள். "விளையாட்டுக்கு ஒரு படிப்பா, இது ஆகுமான சம்பாத்தியம்தானா?" என்பது ஒன்று. வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் பணம் புரட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இதே கவலை இன்னும் சில வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால், நாங்கள் விசாரித்து அறிந்ததை இங்கே தருகிறோம்.

இது என்ன படிப்பு?

இது விளையாடக் கற்றுக்கொடுக்கும் படிப்பல்ல. ஒரு கேமை உருவாக்க புரோகிராம் எழுதுபவர், படம் வரைபவர், விளையாட்டின் விதிகளை வகுப்பவர், ஒலி அமைப்பவர், வேலையை ஒருங்கிணைப்பவர், பிழை பார்ப்பவர் என்று பலர் வேண்டும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலுள்ள அபர்டே பல்கலைக்கழகம் 1997-லேயே இதற்கென்று பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது.

முதல் பட்டம் பெற்றவர்களுக்கான படிப்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஏற்கெனவே புரோகிராமிங் தெரிந்தவர்களுக்கானது. இதில் சி பிளஸ் பிளஸ் மொழியும், வெக்டர், மேட்ரிக்ஸ் போன்ற கணக்குகளும் நிறைய வரும். பிளஸ் டூ கணக்கை மறந்துவிட்டவர் திணறிப்போவார். இரண்டாவது, பல துறையினரையும் ஒரே குழுவில் சேர்த்து கேம் செய்யவைக்கும் படிப்பு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுப் படிப்பு இத்தகையது. புளோரிடாவில் சென்ட்ரல் புளோரிடா பல்கலைக்கழகம் 16 மாதப் படிப்பு நடத்துகிறது. கலை, புரோகிராமிங், தயாரிப்பு என்று பிரிவுகள் உண்டு.

வெளிநாடுதான் என்றில்லை. மத்திய அரசின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன், தன் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் எம்.டெஸ். நடத்துகிறது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். பெண் பிள்ளைகளை அதிகத் தொலைவு அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் இதை முதலில் பார்க்கலாம்.

ஆகுமா, ஆகாதா?

பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. கேம் என்ற பெயரில் சூதாட்டமும் நடக்கிறது. பணம் வைத்து ஆடிய ஆன்லைன் ரம்மியால் நம் மாநிலத்தில் குடும்பங்கள் சீரழிந்ததை நாம் அறிவோம். தமிழ்நாடு அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. 2025-ல் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பாக்ஸ்' பெட்டிகள் சில, தன் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று பெல்ஜியம் 2018-ல் அறிவித்தது. சூதாட்டம் பற்றி அல்குர்ஆன் 5:90-ல் வந்துள்ள கட்டளை நமக்குப் போதுமானது. அந்தப் பக்கம் நம் பிள்ளை போகக் கூடாது.

ஆனால் கைவேலை வேறு, அதைக் கொண்டு செய்யும் பொருள் வேறு. இதே மென்பொருள்களைக் கொண்டுதான் அறுவை சிகிச்சைப் பயிற்சிக் காட்சிகளும், கட்டப்படாத கட்டடத்துக்குள் நடந்து பார்க்கும் வசதியும், குழந்தைகளுக்கான பாட விளையாட்டுகளும் செய்யப்படுகின்றன. எந்த மாதிரி வேலையை ஏற்பது, எதை மறுப்பது என்பதைப் பிள்ளை படிக்கப் போகுமுன்பே வீட்டாரோடு பேசி, மஹல்லா இமாமிடமும் ஆலோசித்துக்கொள்வது நல்லது.

பணமும் வேலையும்

இந்தத் துறையில் பட்டம் மட்டும் வேலை வாங்கித் தராது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி தன் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. அனுபவசாலிகளும் வேலை தேடும் இடத்தில்தான் நம் பிள்ளையும் நிற்க வேண்டும்.

பிரிட்டன் போக நினைப்போர் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். படிப்பு முடிந்து இரண்டாண்டு தங்கலாம் என்று ஏஜென்டுகள் சொல்வார்கள். 2027 ஜனவரி 1 முதல் அதற்கு விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம்தான். 2024 ஜனவரி முதல் இத்தகைய படிப்புக்குச் செல்வோர் மனைவி, மக்களை உடன் அழைத்துச் செல்லவும் முடியாது. விசாவுக்குக் காட்டும் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். அந்த 28 நாளுக்காகவே வட்டிக்கு வாங்கும் நிலைக்குச் சில குடும்பங்கள் தள்ளப்படுகின்றன.

முதலில் செய்ய வேண்டியது

ஆகவே, பத்திரத்தை எடுக்குமுன் ஆறு மாதம் பொறுங்கள். அந்த ஆறு மாதத்தில் பிள்ளை ஒரே ஒரு சின்ன கேமை, ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கக்கூடியதாக, முழுமையாகச் செய்து காட்டட்டும். கோடோ என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். படங்கள் செய்ய பிளெண்டரும் இலவசம். செய்ததை இட்ச் தளத்தில் காசில்லாமல் வெளியிடலாம். ஆண்டுதோறும் ஜனவரியில் 'குளோபல் கேம் ஜாம்' நடக்கிறது. சில நாட்களில் குழுவாக ஒரு கேம் செய்யும் இந்த நிகழ்வில் மாணவர்களும் சேரலாம்.

விளையாடப் பிடிப்பது வேறு, செய்யப் பிடிப்பது வேறு. ஒரு கதவு சரியாகத் திறப்பதற்காக மூன்று இரவு உட்கார்ந்து பிழை தேடுபவருக்குத்தான் இந்தத் தொழில். ஆறு மாதத்தில் ஒரு கேம் முடிந்தால், பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் பின்னர் வேலை கேட்கும்போதும் காட்ட அது கையில் இருக்கும். இரண்டாவது மாதமே சலித்துவிட்டால் அதுவும் லாபம்தான். வீடு நம்மிடமே இருக்கிறதே!

அதன் பிறகு பல்கலைக்கழகத்திடம் இவற்றைக் கேளுங்கள்: நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஏற்பார்களா? (அமெரிக்காவில் சில இடங்களில் நான்காண்டுப் பட்டமே கேட்கிறார்கள்.) முன்பு படித்த மாணவர்கள் செய்த கேம்களை நாம் ஆடிப் பார்க்கலாமா? விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வருமா?

டிரஸ்டின் முடிவு

இந்தப் படிப்புக்கு உதவி கேட்போர் தாம் செய்து முடித்த ஒரு கேமையும் மனுவோடு காட்ட வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. தகுதியுள்ளோருக்கு நம் கல்வி நிதியிலிருந்து இயன்ற அளவு வட்டியில்லா அழகிய கடன் வழங்கப்படும். லேப்டாப் இல்லாத பிள்ளைகள் மாலை நேரங்களில் டிரஸ்ட் அலுவலகக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மனு கொடுத்த தம்பி இதற்குச் சம்மதித்துவிட்டார். முதல் நாள் அவர் முகம் வாடியது உண்மைதான். இப்போது நம் ஊர் மத்ரஸா பிள்ளைகள் அரபு எழுத்துகளைக் கற்பதற்கென்று ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறார். வாப்பா பத்திரத்தை மீண்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஜ்கையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.