30 லட்சம் மைல் ஓடிய கார்! என்ஜினை எப்போது இறக்க வேண்டும்?

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். பெயர் இர்வ் கார்டன். விஞ்ஞானப் பாடம் நடத்துபவர்.

1966-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் ஒரு சிவப்பு நிற வால்வோ கார் வாங்கினார். விலை 4,150 டாலர். கிட்டத்தட்ட அவருடைய ஒரு வருடச் சம்பளம்!

வாங்கிய மூன்றே நாளில் 1,500 மைல் ஓட்டிவிட்டார். நேராக முதல் சர்வீசுக்குக் கொண்டு போய் நிறுத்தினார்.

அதன் பிறகும் கார் ஓடிக்கொண்டே இருந்தது. 1987-ல் 10 லட்சம் மைல். 2002-ல் 20 லட்சம் மைல். 2013-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், அலாஸ்காவில், 30 லட்சம் மைல்!

சந்திரனுக்கு ஆறு தடவை போய்த் திரும்பும் தூரத்தை விட இது அதிகம். கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அந்தக் கார் இடம் பெற்றது. 2018-ல் கார்டன் காலமாகும் வரை அதை அவர் விற்கவில்லை.

அந்தக் காரின் என்ஜினை முதன்முதலாகப் பிரித்து முழு வேலை பார்த்தது எப்போது தெரியுமா? 6 லட்சத்து 80 ஆயிரம் மைலில்! அதாவது, சுமார் 11 லட்சம் கிலோமீட்டரில்!

மந்திரம் அல்ல

கார்டன் மந்திரம் எதுவும் செய்யவில்லை. சுமார் 3 ஆயிரம் மைலுக்கு ஒரு முறை தவறாமல் ஆயில் மாற்றினார். தினமும் 125 மைல் போய் வந்தார். நெடுந்தூரம் ஒரே சீராக ஓடும் என்ஜின் குறைவாகத்தான் தேயும். ஆறிப்போன என்ஜினை அடிக்கடி கிளப்பி, உடனே நிறுத்தினால்தான் தேய்மானம் அதிகம்.

இன்னொரு பக்கம், ஒரு லட்சம் கிலோமீட்டர் கூடத் தாண்டாமல் கெட்டுப்போகும் என்ஜின்களும் உண்டு. ஆயில் மாற்றாமல் ஓட்டியிருப்பார்கள். அல்லது ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருப்பார்கள்.

ஆகவே, மீட்டரில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து என்ஜினை இறக்கக் கூடாது.

பீரோவில் உள்ள பணம்

வீட்டில் ஒரு பழைய கார் நிற்கிறது. மீட்டர் 2 லட்சம் கிலோமீட்டர் காட்டுகிறது. சைலன்சரில் லேசாகப் புகை வருகிறது.

"என்ஜின் போச்சு சார். இறக்கித்தான் ஆகணும்" என்கிறார் ஒருவர்.

"இன்னும் ஒரு வருஷம் ஓடும் சார். சும்மா விடுங்க" என்கிறார் இன்னொருவர்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டிய பணம் பீரோவில் இருக்கிறது. அதை எடுப்பதா, வேண்டாமா?

அந்தக் கார் டாக்சியாக இருந்தால் கவலை இன்னும் பெரிது. பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை.

இப்படிப்பட்ட நேரத்தில் யாருடைய வாய்ப்பேச்சையும் கேட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை. என்ஜினே பேசும்! அதற்கு நான்கு சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சி: புகை

கருப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகச் செலவாகிறது என்று அர்த்தம். ஏர் பில்டர் அடைத்திருக்கலாம். இதற்காக என்ஜினை இறக்க வேண்டியதில்லை.

அடர்த்தியான வெள்ளைப் புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால், ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளை ஆவி வேறு. அதற்குப் பயப்பட வேண்டாம்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் கிளப்பும்போது மட்டும் வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். அது சின்ன வேலை. வண்டி மேடு ஏறும்போதும், வேகம் எடுக்கும்போதும் விடாமல் வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். அது பெரிய வேலை.

இரண்டாவது சாட்சி: ஆயில் கம்பி

வாரம் ஒரு முறை, வண்டியைச் சம தரையில் நிறுத்தி, ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இந்தக் கணக்கை வீட்டில் உள்ள சிறு பிள்ளை கூட எழுதலாம்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் குடித்தால், நிலைமை மோசம். ஆனால் முதலில் கீழே ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சிறு குழாய் அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். அதைச் சுத்தம் செய்ய அதிகம் செலவாகாது.

மூன்றாவது சாட்சி: கம்பிரஷன்

மனிதனுக்கு நாடி பார்ப்பது போல, என்ஜினுக்குக் கம்பிரஷன் பார்க்க வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டரைப் பொருத்திச் சுற்ற வைப்பார்கள்.

பெட்ரோல் கார்களில் பொதுவாக 120 முதல் 180 பவுண்டு வரை காட்டும். டீசல் என்ஜினில் அளவு மிக அதிகம். அதற்குத் தனி மீட்டர் வேண்டும்.

சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று 160 காட்டினால், மற்றது 120-க்குக் கீழே இறங்கக் கூடாது.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, மறுபடி பார்ப்பார்கள். அளவு நன்றாக ஏறினால், ரிங் தேய்ந்துவிட்டது. ஏறாவிட்டால், கோளாறு வால்விலோ ஹெட் காஸ்கெட்டிலோ இருக்கிறது. அதற்கு மேல்பாகத்தை மட்டும் கழற்றினால் போதும். முழு என்ஜினையும் இறக்க வேண்டாம். ஒரு ஸ்பூன் ஆயில் ஒரு குடும்பத்தின் பெரும் செலவை மிச்சப்படுத்திவிடும்!

நான்காவது சாட்சி: சத்தம்

'டிக், டிக்' என்று மேலே கேட்கும் மெல்லிய சத்தம் பெரும்பாலும் வால்வுப் பக்கத்துச் சத்தம். சரி செய்துகொள்ளலாம்.

அடியிலிருந்து 'டொக், டொக்' என்று கனமாகக் கேட்டால் ஆபத்து! பேரிங் தேய்ந்திருக்கலாம். கூடவே ஆயில் விளக்கும் எரிந்தால் ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. உடனே நிறுத்த வேண்டும். பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். பிறகு தனி மீட்டர் வைத்து ஆயில் பிரஷரைப் பார்க்க வேண்டும்.

அவசரமும் கூடாது, தாமதமும் கூடாது

நன்றாக இருக்கும் என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு. அரைகுறை வேலையாக முடிந்தால் முன்பு இருந்ததை விட மோசமாகும்.

அதற்காக, சாட்சிகள் எல்லாம் ஒன்றாகச் சொன்ன பிறகும் ஓட்டினால் நஷ்டம் பல மடங்கு. இன்று பேரிங் மாற்றுவதோடு முடியும் வேலை, நாளை கிராங்க் ஷாப்டையே தின்றுவிடும். கடைசியில் கனெக்டிங் ராடு உடைந்து என்ஜினின் வயிற்றைக் கிழித்தால், பிறகு சீர் செய்ய எதுவும் மிஞ்சாது.

பணத்தை எடுக்கும் முன்பு...

வேலை கொடுக்கும் முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். வண்டியின் அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா? கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறதா? அந்தக் காரை விற்றால் என்ன கிடைக்கும்? மொத்தச் செலவு அந்த விலையைத் தொடுமானால், நன்றாக யோசிக்க வேண்டும்.

கம்பிரஷன் அளவுகளை எழுதி வாங்க வேண்டும். லேத் பட்டறையில் சிலிண்டரையும் கிராங்க் ஷாப்டையும் அளந்த பிறகே, எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பெயர் பெற்ற மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார்.

வேலை முடிந்ததும் வேகமாக விரட்டக் கூடாது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் பதமாக ஓட்டி, ஆயிலையும் சீக்கிரமே மாற்ற வேண்டும்.

கார்டன் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்துக் கார் வாங்கினார். அது அவருக்கு 52 ஆண்டு உழைத்தது. அவர் செய்ததெல்லாம், நேரத்துக்கு ஆயில் மாற்றி, வண்டியைக் கவனித்துப் பார்த்துக்கொண்டதுதான்.

அதை நாமும் செய்யலாம். அதற்கு ஒரு ஆயில் கம்பியும், ஒரு நோட்டும், கொஞ்சம் பொறுமையும் போதும்!