நோவாற்றும் நஞ்சு

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சாகும் என்பது தமிழர் நாவிற் பழகிய முதுமொழி. அபினைப் பொறுத்தவரை இம்முதுமொழி பாதி உண்மையையே கூறுகின்றது. ஏனெனில் அபினில் அளவு என்பது ஓரிடத்தில் நிற்பதில்லை. நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாததாகின்றது. பிறிதொருவரைக் கொல்லக்கூடிய அளவை உட்கொண்டும் நடமாடித் திரிகின்ற ஒருவன், அதனை ஒரு நாள் நிறுத்தியதும் நோயாளியாய்ச் சுருண்டு விழுகின்றான். இவ்விந்தையின் காரணத்தை அறிந்தாலன்றி, போதைக்கு அடிமையானவனை மீட்கும் வழியும் விளங்காது.

அபின் ஒரு செடியின் பால். அச்செடியின் முதிராத காயைக் கத்தியாற் கீறினால் வெண்ணிறப் பால் கசிந்து, காற்றுப் பட்டுக் கபில நிறமாக இறுகும். நோவைத் தணிக்கவும், வயிற்றுப்போக்கை நிறுத்தவும், உறக்கத்தை வருவிக்கவும் பண்டைக்கால வைத்தியர் அதனைப் பயன்படுத்தினர். ஆயினும் ஒரு காயின் பாலுக்கும் மறு காயின் பாலுக்கும் வலிமை வேறுபட்டமையால், எவ்வளவு கொடுப்பது என்பது எப்போதும் இடர் நிறைந்த கேள்வியாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்டுர்னர் என்னும் ஜேர்மானிய இளைஞர், மருந்துக் கடையொன்றிற் பணி பயின்ற காலத்தில், அபினின் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். கனவுக்குரிய கிரேக்கத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரால் அது மோர்பீன் எனப் பெயர் பெற்றது. தாம் கண்டது உண்மையென நிறுவ, அவர் தாமும் உண்டு, வேறு மூன்று இளைஞருக்கும் கொடுத்துப் பார்த்தார்.

மருந்தை நிறுத்தளந்து கொடுக்கும் வசதி இவ்வாறு பிறந்தது. 1850களில் ஊசிமூலம் மருந்தேற்றும் முறையும் வந்து சேர்ந்தபின், நோயாளியின் வேதனை சில நிமிடங்களில் அடங்கியது. அதனோடு அடிமைத்தனமும் விரைவாயிற்று. 1874இல் லண்டனில் றைட் என்னும் இரசாயனவியலாளர் மோர்பீனைச் சிறிது மாற்றி ஒரு புதிய பொருளை ஆக்கினார். 1898 முதல் ஜேர்மனியின் பேயர் நிறுவனம் அதனை ஹெரோயின் என்ற பெயரில் இருமல் மருந்தாக விற்றது. மோர்பீனை விட அது மூளைக்குள் விரைந்து புகும். புகுந்தபின் மீண்டும் மோர்பீனாகவே மாறும். எவ்வளவு விரைவாக ஒரு பொருள் மூளையை எட்டுகின்றதோ அவ்வளவு உறுதியாக அது மனிதனைப் பற்றிக்கொள்ளும் என்பதை மருத்துவ உலகம் பிந்தியே உணர்ந்தது.

ஒரு செடியின் பாலுக்கு மனித மூளை ஏன் இவ்வாறு கட்டுப்படவேண்டும்? இக்கேள்விக்கு 1970களில் விடை கிடைத்தது. பூட்டுக்குத் திறப்புப் போல மோர்பீன் பொருந்தும் ஏற்பிகள் நரம்புக் கலங்களில் இருப்பதை 1973இல் அமெரிக்காவிற் பேட், ஸ்னைடர் ஆகிய இருவரும் காட்டினர். இயற்கை மனிதனின் உடலிலே ஒரு பூட்டை அமைத்தது செடிக்காக அன்று. 1975இல் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரிற் பணியாற்றிய ஹியூஸ், கொஸ்டர்லிட்ஸ் ஆகியோர், மூளை தானே சுரக்கும் திறப்பைக் கண்டு அதற்கு என்கெபலின் எனப் பெயரிட்டனர். காயமும் களைப்பும் பொறுக்கத்தக்கனவாய் இருப்பதற்கு உடல் தானே வைத்திருக்கும் நோவாற்றி அது. அபின் அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் கள்ளத் திறப்பு.

அவ்வேற்பிகள் நோவு செல்லும் வழியில் மட்டும் அமைந்திருக்கவில்லை. குடலில் உள்ளவை தூண்டப்படும்போது மலச்சிக்கல் உண்டாகும். சுவாசத்தை ஆளும் மூளைத்தண்டில் உள்ளவை தூண்டப்படும்போது மூச்சு மெலியும். அளவு மிஞ்சியவன் இறப்பது பெரும்பாலும் மூச்சு நிற்பதனாலேயே. மூளையின் நடுப்பகுதியில் உள்ளவை தூண்டப்படும்போது டொப்பமின் என்னும் பொருள் பெருகும். உணவு, உறவு முதலிய உயிர்வாழ்வுக்கு வேண்டியவற்றை மீண்டும் நாடச் செய்வது அதன் தொழில். இது பசியினும் பெரிது, இதனை மறவாதே என்னும் பொய்ச் செய்தி அப்போது மூளையில் ஆழப் பதிகின்றது.

இடைவிடாத தூண்டுதலை எதிர்த்து மூளை தன்னைச் சரிசெய்துகொள்கின்றது. ஏற்பிகள் மந்தமடைகின்றன, மருந்து அடக்கிவைத்த நரம்புகள் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஆதலால் அதே பயனைப் பெற மேலும் மேலும் மருந்து வேண்டியதாகின்றது. திடீரென மருந்து நின்றால், பாரத்தைத் தாங்கி எதிர்த்துத் தள்ளிநின்றவன் பாரம் நீங்கியதும் முன்னே விழுவதுபோல, நரம்புகள் தறிகெட்டு ஓடுகின்றன. ஹெரோயினை நிறுத்திய அரை நாளுக்குள் கொட்டாவியும் கண்ணீரும் மூக்கொழுகலும் தோன்றும். பின்னர் மயிர்க்கூச்சு, தசைநோவு, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன தொடரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கும். இவ்வேதனை கொடியதாயினும் உடல்நலம் உள்ளவரைக் கொல்வது அரிது. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மதுவைத் திடீரென நிறுத்துவதோ வலிப்பையும் சித்தப்பிரமையையும் மரணத்தையும் விளைவிக்கக் கூடும். அதனை வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்தல் வேண்டும்.

ஒரு வாரத்தில் வேதனை அடங்குமாயின், ஒரு வாரத்தில் நோயும் தீரவேண்டுமன்றோ? தீர்வதில்லை. உடல் மறந்ததை நினைவு மறப்பதில்லை. பழைய தெருவையோ பழைய கூட்டாளியையோ கண்டமாத்திரத்தில் வேட்கை எழுகின்றது. இதற்கு மறுதலையான சான்றொன்றும் உண்டு. வியட்நாம் போரிற் பங்குகொண்ட அமெரிக்கப் படையினருட் பலர் அங்கு ஹெரோயினுக்கு அடிமையாயினர். 1971இல் நாடு திரும்பியோரை லீ றொபின்ஸ் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்தபோது, அடிமையாயிருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே முதலாண்டில் மீண்டும் அந்நிலைக்கு வீழ்ந்தமை தெரியவந்தது. போர்க்களம் மறைந்தது; மலிவான ஹெரோயினும் மறைந்தது; வீடும் தொழிலும் உறவும் திரும்பின. சூழல் மாறாது அதே தெருவுக்கு மீள்கின்றவனுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இலங்கைக்கும் அபின் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிற் பிரித்தானியர் ஆட்சியின்கீழ் உரிமம் பெற்ற கடைகளில் அது விற்கப்பட்டது. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம் அதனை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது. 1980களின் தொடக்கத்தில் ஹெரோயின் நாட்டிற் பரவவே, 1984இல் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது.

சட்டம் பொருளைத் தடுக்கலாம், மூளையைக் குணப்படுத்தாது. குணப்படுத்தும் முயற்சியில் 1964இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்னும் வைத்தியர் இருவரும், நாளுக்கு ஒருமுறை வாயால் உட்கொள்ளும் மெதடோனைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தனர். அது ஹெரோயின் பொருந்தும் அதே ஏற்பிகளிற் பொருந்துகின்றது. ஆனால் மெல்ல ஏறி, ஒரு நாள் முழுதும் நின்று, மெல்ல இறங்குகின்றது. திடீர் இன்பமும் இல்லை. சில மணிக்கொருமுறை வரும் வேதனையும் இல்லை. நாள் முழுதும் அடுத்த ஊசியையே தேடியலைந்தவனுக்கு வேலை செய்யவும் பிள்ளைகளின் முகம் பார்க்கவும் நேரம் கிடைத்தது. பின்னர் வந்த புப்ரெனோர்பின் ஏற்பிகளைப் பாதியளவே தூண்டுவதால், மூச்சை அடக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. இவ்விரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது.

ஒரு போதைக்குப் பதிலாக மற்றொரு போதையா என வினவுவோர் உளர். வினா நேர்மையானது; மெதடோனும் தவறாகப் பயன்பட்டால் உயிரைக் குடிக்கும். ஆயினும் அடிமைத்தனம் என்பது மருந்தை நம்பியிருப்பது மாத்திரமன்று. தீங்கு வரும் என அறிந்தும் தன்னை மறந்து அதன்பின் ஓடுவதே அடிமைத்தனம். நாள்தோறும் இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளியை எவரும் அடிமை என்பதில்லை.

குடும்பத்தார் கட்டாயம் அறியவேண்டியது ஒன்றுண்டு. சிறையிலோ சிகிச்சை நிலையத்திலோ சில வாரம் மருந்தின்றி இருந்தவனின் உடல், முன்னர் பெற்ற தாங்குதிறனை இழந்துவிடுகின்றது. வெளியே வந்து பழைய அளவை ஒருமுறை எடுத்தாலும் மூச்சு நின்றுபோகலாம். மகன் திருந்தி வந்தான் எனத் தாய் மகிழும் நாட்களே அவனுக்கு மிகுந்த ஆபத்தான நாட்கள். ஊசிமுனை போற் சுருங்கிய கண்மணி, எழுப்பியும் எழாத உறக்கம், மெலிந்த மூச்சு ஆகியன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நலொக்சோன் என்னும் மாற்று மருந்து ஏற்பிகளிலிருந்து ஹெரோயினை அகற்றிச் சில நிமிடங்களில் மூச்சை மீட்டுத்தரும். அதன் வலிமை ஒன்றிரண்டு மணிக்குள் தேய்ந்துவிடும். ஆதலால் விழித்தவனைத் தனியே விடலாகாது.

மருந்தோடு ஆலோசனையும், தொழிலும், ஏற்றுக்கொள்ளும் வீடும் சேர்ந்தே சிகிச்சை நிறைவுபெறுகின்றது. இடையிடையே வழுவுதல் இந்நோயின் இயல்பு. வழுவியவன் அதனை மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சமும் வெட்கமுமே. மறைவிடத்திற் கதவைத் தாழிட்டுத் தனியே மருந்தேற்றுகின்றவனுக்கு மூச்சு நின்றால் உதவ எவரும் இல்லை. வழுவினேன் என்று அஞ்சாது சொல்லக்கூடிய ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவ்வுயிர் பிழைப்பதற்கு வழியுண்டு.