நிற்கும் நேரமும் ஓடும் நேரமும்

1969-இல் ஜப்பானின் டொயோட்டா ஆலையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 1000 டன் பிரஸ் ஒன்றில் அச்சை மாற்ற 4 மணி நேரம் பிடித்தது. ஷிகெயோ ஷிங்கோ என்ற பொறியாளரின் வழிகாட்டலில் ஆறே மாதத்தில் அது 90 நிமிடமானது. அடுத்த மூன்று மாதத்தில் 3 நிமிடத்துக்கு இறங்கியது. யாரும் பதறி ஓடி இதைச் சாதிக்கவில்லை. இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, அது ஓடும்போதே முடித்துவைக்கக்கூடிய வேலை எது என்று ஷிங்கோ பிரித்துப் பார்த்தார். அடுத்த அச்சை எடுத்துவருவதும் ஸ்பேனர் தேடுவதும் இரண்டாம் வகை. மிச்சத்தையும் சுருக்கினார்: பதினைந்து மரையுள்ள போல்ட்டை இறுக்குவது கடைசிச் சுற்றுதான், மற்றவை வீண் சுற்று.

அச்சை மாற்றாமல் ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் அடித்துக் குவித்தால் போதாதா என்று கேட்கலாம். குவிந்தது விற்கும்வரை முதலும் இடமும் முடங்கும். அச்சில் கோளாறு இருந்தால் குவியல் முழுவதும் கழிவாகும். அச்சு மாற்றும் நேரத்தைக் குறைக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பது சிறு பட்டறைக்காரரின் கவலை. முதல் படிக்குத் தேவை ஒரு கடிகாரமும் கருவிகளை வரிசையாக அடுக்கிய தள்ளுவண்டியும்தான். புது இயந்திரத்துக்குக் கடன் கேட்கும் முன், இருக்கும் இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று அளந்து பாருங்கள்.