தார் சுற்றும் தங்கை, தெருவில் அண்ணன்

நகரியில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நெசவு வீடுகளின் வேலைப் பிரிவினையை யாரும் எழுதி வைக்கவில்லை. தறி ஓட்டுவது பெரும்பாலும் ஆண். தார் சுற்றி, இடையிடையே உலையும் வைப்பவள் பெண். பள்ளிவிட்டு வரும் தங்கை துடைப்பத்தைத் தேடுகிறாள், அண்ணன் கிரிக்கெட் மட்டையை.

இத்தனைக்கும், 2014, 2019 என்று இரண்டு முறை நடிகை ரோஜாவைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இது. 2022-ல் அவர் அமைச்சரும் ஆனார். பக்கத்துத் திருப்பதியில் 1983 முதல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தரும் சட்டமும் ஆந்திரத்தில் 1985 செப்டம்பரிலிருந்தே அமல். தமிழ்நாட்டில் அது வந்தது 1989-ல், நாடு முழுவதற்கும் 2005-ல்தான்.

ஆனால் வீட்டுக்குள் கதை வேறு. 2019-21 தேசியக் குடும்பநல சர்வேயின்படி, ஆந்திரத்தில் 20-24 வயதுப் பெண்களில் 29 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம். நகரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற தமிழ்நாட்டில் இது 13 சதவீதம். அதே சர்வேயின் இன்னொரு கேள்வி: சொல்லாமல் வெளியே போனால், வீட்டைக் கவனிக்காவிட்டால், மனைவியைக் கணவன் அடிப்பது சரியா? ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சரி என்ற ஆந்திரப் பெண்கள் சுமார் 84 சதவீதம். ஆம், பெண்கள்! மகனும் மகளும் பார்த்து வளர்வது இவர்களைத்தான்.

அந்த வயதிலேயே மாற்ற முடியுமா? ஹரியானாவில் முயன்று பார்த்தார்கள். ஆய்வுக்கு எடுத்த 314 அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியில், 7, 8-ம் வகுப்பில் தொடங்கி இரண்டரை ஆண்டுகள், ஆண்-பெண் சமத்துவம் பற்றி வகுப்பறை விவாதங்களை 'பிரேக்த்ரூ' அமைப்பு நடத்தியது. 2022-ல் பிரசுரமான முடிவு: பிற்போக்கான எண்ணங்களில் 16 சதவீதம் திரும்பின. வீட்டு வேலையில் முன்பைவிடக் கை கொடுப்பதாகப் பையன்கள் சொன்னார்கள். (அம்மாக்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!) பெண்களின் லட்சியங்களில் மட்டும் மாற்றமில்லை. அவை முன்பே உயரமாகத்தான் இருந்தன. எண்ணம் மாறினாலும் நடத்தையில் பெண்களால் அவ்வளவாக மாற முடியவில்லை. வீட்டில் முடிவெடுப்பது அவர்களா என்ன?

2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு சர்வே, வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண் 88 நிமிடம் என்கிறது. அதே 2024-ல் கேரள அரசு 3-ம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் ஒரு படம் போட்டது. அடுக்களையில் உட்கார்ந்து அப்பா தேங்காய் துருவுகிறார்.