தெருக்குழாயில் மோட்டார்

திருமழபாடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். பிரசவச் சவாரி என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் எழுந்து போவேன். போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி, வலி எடுத்த பெண்ணையும் அவள் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குக் கிளம்பினேன். கொள்ளிடக் கரையோரம் போகும்போது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அவர்கள் சொந்தக்காரருக்குச் சொல்லி வைக்கப் போன் போட்டால் டவர் இல்லை. "என்ன தம்பி, போகுதா?" என்று பெண்ணின் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி மழையில் நின்றேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிஷம் என் மனசை விட்டுப் போகவில்லை.

மறுநாள் தெரிந்த செல்போன் கடைத் தம்பியிடம் போனேன். காரில் சிக்னல் பூஸ்டர் மாட்டித் தரச் சொன்னேன். "வேண்டாம்ணே" என்றவர், என் போனை வாங்கி செட்டிங்ஸில் சிக்னல் அளவைத் திறந்து காட்டினார். காருக்குள் மைனஸ் 118 டிபிஎம். போனைக் கூரைமேல் வைத்தால் மைனஸ் 108. பத்து எண்தான் வித்தியாசம். ஆனால் அது பத்து மடங்கு பலம் என்றார். காரின் இரும்பு உடம்பு அவ்வளவு சிக்னலைத் தடுக்கிறது. டவரிலிருந்து போனுக்கு வந்து சேருவதே ஒரு வாட்டில் பல லட்சம் கோடியில் ஒரு பங்குதான்.

பூஸ்டர் ஏன் வேண்டாம் என்பதையும் அவரே சொன்னார். அதில் மூன்று பாகம். கூரைமேல் ஒரு ஆன்டெனா, சிக்னலைப் பெருக்கும் பெட்டி, வண்டிக்குள் இன்னொரு ஆன்டெனா. டவரிலிருந்து வருவதைப் பெருக்கிப் போனுக்குத் தரும். போன் பேசுவதைப் பெருக்கி டவருக்கு அனுப்பும். வம்பு இந்த இரண்டாவது வேலையில்தான். நம் 4ஜி போன் அனுப்புவது அதிகபட்சம் 0.2 வாட். டவர் அருகில் இருந்தால் போன் தானாகவே அதையும் குறைத்துக்கொள்ளும். தரமில்லாத பூஸ்டருக்கு இந்த அடக்கம் தெரியாது. போனின் குரலோடு வெறும் இரைச்சலையும் சேர்த்து டவர் மேல் கொட்டும். இரண்டு ஆன்டெனாவும் நெருங்கியிருந்தால், கோயில் திருவிழாவில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்ததுபோல ஊளையிடும். அந்த இரைச்சலில் தூரத்து வீட்டு அழைப்பு டவரின் காதில் விழாது.

தெருக்குழாயில் ஒருவர் மோட்டார் போட்டால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகாது. இதுவும் அந்தக் கதைதான்.

அதனால்தான் உரிமம் பெற்ற செல்போன் நிறுவனங்களைத் தவிர வேறு யாரும் பூஸ்டரை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 2022-இல் அறிவித்தது. ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. அமெரிக்காவில் வண்டியில் மாட்டலாம். ஆனால் 2013-இல் வந்த விதிப்படி, டவரைத் தொந்தரவு செய்யாமல் தானே அடங்கும் கருவியாக இருக்க வேண்டும், செல்போன் நிறுவனத்திடம் பதிவும் செய்ய வேண்டும்.

பங்குனியில் எங்கள் ஊர்க் கோயிலில் நந்தி கல்யாணத் திருவிழாவன்று போனில் சிக்னல் முழுக்கோடு இருக்கும், அழைப்பு போகாது. அது கூட்ட நெரிசல். அதற்கும் பூஸ்டரால் பயனில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம் வைத்திருக்கிறேன். போனை டேஷ்போர்டில், கண்ணாடியை ஒட்டி வைக்கிறேன். எந்தப் புளியமரத்தடியில் டவர் கிடைக்கும் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே நிறுத்தி, இறங்கிப் பேசுகிறேன். நம் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் அவசரத்துக்கு 112 அடித்துப் பார்க்க வேண்டும். வேறு நிறுவனத்தின் டவர் வழியாகவும் அது போகும். டவர் கிடைக்காத இடத்தைக் குறித்து 198-இல் புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் சேவை உண்டு என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2024 விதி. அதைத் திறந்து, நம் ரோடு அதில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் பாருங்கள். நம் ஊருக்கு டவர் வேண்டுமென்று எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

என் வண்டியில் மட்டும் நாலு கோடு வந்து என்ன பயன்? அதே ராத்திரி வேறொரு வீட்டில் வேறொரு பெண்ணுக்கு வலி எடுத்திருக்கலாம். அவள் வீட்டார் அடிக்கும் 108 அழைப்பும் அதே டவருக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.