நேற்றைய பருப்பும் இன்றைய பராத்தாவும்

தில்லி மாநகரின் கிழக்கெல்லையில் காஜிப்பூர் என்றோர் இடம் இருக்கிறது. விடியுமுன்னரே லாரி லாரியாகச் சரக்கு வந்திறங்கும் காய்கறி மண்டியும், 1984ஆம் ஆண்டு தொடங்கி நகரத்தார் கழித்ததையெல்லாம் சுமந்து சுமந்து குன்றென வளர்ந்துவிட்ட குப்பைமேடும் அங்கே அண்டை அயலாக நிற்கின்றன. மண்டியிலிருந்து புறப்பட்ட முட்டைக்கோசும் முள்ளங்கியும் வீடுவீடாகப் போய், அவற்றில் ஒரு பங்கு சமைக்கப்படாமலும், இன்னொரு பங்கு சமைத்தும் உண்ணப்படாமலும் இத்தகைய மேடுகளுக்கே வந்து சேர்ந்து, அழுகி, எரியும் வாயுவாக மாறி, கோடைக்காலத்தில் அம்மேடுகள் தீப்பிடிப்பதற்கும் ஒரு காரணமாகின்றன. இந்தியாவில் வீடுகளில் மட்டும், தோல், கொட்டை முதலியவற்றையும் சேர்த்து, தலைக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாகிறதென்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அது 220 கிலோ ஆகிறது. மாதச் சம்பளத்தில் ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்ப்பது அவசியம்.

சிக்கனம் என்றதும் கடைவீதியில் பேரம் பேசுவதையே பலர் நினைக்கிறார்கள். பேட்டைதோறும் வாரம் ஒருநாள் மாலையில் கூடும் சந்தையில், இரவு ஏறிக் கடை கட்டும் வேளையில் விலை இறங்கும் என்பதும், காய் வாங்கினால் ஒரு பிடி கொத்துமல்லியும் நாலு பச்சைமிளகாயும் காசில்லாமல் கேட்டு வாங்கலாம் என்பதும் தில்லிவாசிகள் அறிந்தவையே. ஆனால், வாங்கும்போது மிச்சம் பிடித்த பத்து ரூபாயை வீட்டுக்கு வந்தபின் இருபது ரூபாய்ப் பதார்த்தத்தோடு கொட்டிவிட்டால் அந்தச் சாமர்த்தியத்தால் என்ன பிரயோஜனம்? உண்மையான சிக்கனம் அடுப்பங்கரையில்தான் ஆரம்பமாகிறது.

இந்த வித்தையைப் பயில்வதற்குத் தில்லியைப்போல் வாய்ப்பான ஊர் வேறில்லை. உத்தியோக நிமித்தம் வடக்கே வந்து கரோல்பாக் முதலிய இடங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடுவாசல் இழந்து வந்து, கைக்குக் கிடைத்ததைக்கொண்டு வாழ்வை மறுபடி தொடங்கிய பஞ்சாபிக் குடும்பங்களும் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தமையால், மிஞ்சியதைப் பேணும் இருவேறு சம்பிரதாயங்கள் இங்கே கைமாறிக்கொண்டன.

பஞ்சாபி வீட்டுப் பருப்புப் பராத்தாவை எடுத்துக்கொள்வோம். இரவு மிஞ்சிய பருப்பு காலையில் கரண்டியைச் செருகினால் நிற்குமளவு இறுகியிருக்கும். அதில் கோதுமை மாவைக் கொட்டி, கசக்கிய ஓமம், பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், கொத்துமல்லித்தழை, மாவுக்கு வேண்டிய உப்பு மட்டும் சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல் பிசைய வேண்டும். பருப்பிலுள்ள ஈரமே போதுமானது. சற்று ஊறவிட்டுத் திரட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் எண்ணெய் தடவிச் சுட்டால், தானியமும் பருப்பும் ஒன்றுக்கொன்று துணைநின்று உடலை வளர்க்கும் போஷாக்கான ஆகாரமாகிறது. பள்ளிக்கூட டப்பாவில் வைத்தனுப்பினால் மத்தியானம் வரையில் மிருதுவாகவே இருக்கும்.

பட்டாணித் தோலின் கதை இதைவிட விசேஷமானது. தில்லிக் குளிர்காலத்தில் பட்டாணி மலிந்து கிடக்கும். உரித்து முடித்தால் மணியைவிடத் தோல்தான் அதிகம் குவியும். இளந்தோலின் காம்பை உட்பக்கமாக ஒடித்து மெல்ல இழுத்தால், கண்ணாடிக் காகிதம்போன்ற உட்சவ்வு முழுநீளத்துக்கும் உரிந்து வந்துவிடும். எஞ்சிய பச்சைச் சதையை நறுக்கி, உருளைக்கிழங்கோடு சீரகம் தாளித்து வதக்கினால் இனிப்புக் கலந்த அருமையான கறியாகும். காலிஃபிளவர்த் தண்டும் முள்ளங்கிக் கீரையும் அவ்வாறே பொரியலாவதற்குத் தகுந்தவை.

நம்மவர் கைச்சரக்கும் குறைந்ததன்று. ஆறின சாதம் விறைத்து உதிரியாவதால் எலுமிச்சஞ்சாதத்துக்கும் புளியஞ்சாதத்துக்கும் சுடுசாதத்தைவிட ஏற்றது. மிஞ்சிய இட்லி உப்புமாவாகிறது. புளித்த மாவு வெங்காய ஊத்தப்பமாகிறது. புளித்த மோர் நம் வீட்டில் மோர்க்குழம்பாகவும் அண்டைவீட்டில் கடலைமாவு சேர்ந்த ‘கடி’ என்னும் குழம்பாகவும் உருவெடுக்கிறது. வைகாசி வெயிலில் பால் திரிந்துபோனால், வடிகட்டிய திரளைப் பனீராக்கிக்கொண்டு, அந்தத் தண்ணீரிலேயே ரொட்டிக்கு மாவு பிசையலாம். சாதத்தை ஊசவைக்கும் அதே வெயில், பதம் கெடுமுன் அதை உப்பும் மிளகாயும் சேர்த்து மசித்துக் கிள்ளிவைத்தால், வடாமாக உலர்த்தியும் தந்துவிடுகிறது.

ஆயினும் சிக்கனம் ஆரோக்கியத்துக்கு விரோதமாகிவிடக் கூடாது. வடநாட்டில் ஹோலிக்குப்பின் எட்டாம் நாள் சீதளா தேவிக்குரிய பஸோடாப் பண்டிகையில் அடுப்பே மூட்டாமல் முதல்நாள் சமைத்ததையே உண்பார்கள். வெயில்காலம் நெருங்குவதால் அதன்பின் பழைய உணவைத் தவிர்க்க வேண்டுமென்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பகல் உஷ்ணம் 45 பாகையைத் தொடும் ஊரில் இது விவேகமுள்ள எச்சரிக்கை. முக்கியமாகச் சாதத்தில், கொதியிலும் சாகாத கிருமி வித்துக்கள் உண்டு. வெளியில் நெடுநேரம் வைத்தால் அவை முளைத்து உண்டாக்கும் விஷம், மறுபடி சூடுகாட்டினாலும் போகாது. ஆதலால் சாதத்தைப் பரப்பி ஆறவைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைத்து, மறுநாளே ஒரேயொரு முறை நன்றாகச் சூடாக்கி உண்டுவிட வேண்டும். வாடை மாறியதையும் நூல் விட்டதையும் தயங்காமல் கழித்துவிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மூலமான ரகசியம் ஒன்றே: இன்று சமைக்கும்போதே நாளையை மனத்தில் வைத்துக்கொள்வது. புளி சேர்க்குமுன் வெந்த பருப்பில் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் அது நாளை கூட்டாகவோ பராத்தாவாகவோ ஆகத் தயாராயிருக்கும். சீக்கிரம் கெடுவது தேங்காய் என்பதால், பரிமாறும் பங்குக்கு மட்டும் அதைத் தூவினால் மீதிப் பொரியல் நிற்கும். ரொட்டிகளை எண்ணிச் சுடலாம். மிஞ்சினால் பிய்த்துப்போட்டுத் தக்காளியோடு தாளித்துவிடலாம்.

சிக்கனத்தின் சுமையை யார் தாங்குவது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1965ஆம் ஆண்டு, நாட்டில் தானியத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை உணவை விட்டுக்கொடுக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். கஷ்டத்தை எல்லாரும் சமமாய்ப் பகிர்ந்துகொள்ளச் சொன்னதே அந்த வேண்டுகோளின் மேன்மை. நம் வீடுகளிலோ நெடுங்காலமாக அந்தச் சமத்துவம் இருந்ததில்லை. சுடச்சுட உள்ளது கணவனுக்கும் குழந்தைகளுக்கும், பாத்திரத்தின் அடியில் ஒட்டியது வீட்டுப் பெண்ணுக்கும் என்பது எழுதாத சட்டமாகவே நடந்து வந்திருக்கிறது. வீணாகாமல் காப்பதென்ற பெயரால், ஒருத்தி தன் நாவையும் வயிற்றையும் நிரந்தரமாகத் தியாகம் செய்துகொண்டிருந்தாள். மிஞ்சியதைப் புதுப் பதார்த்தமாகச் சமைப்பதன் சிறப்பு பணம் மிஞ்சுவதில் மட்டும் இல்லை. எச்சம்போல் ஒருத்தியின் தட்டில் ஒதுங்கியிருந்ததை அது எல்லார் தட்டுக்கும் உரிய உணவாக உயர்த்துகிறது. ஆகையால் இந்த வித்தையை ஆண்களும் பிள்ளைகளும் கற்றுக்கொள்ளட்டும். வாரம் ஒருநாளேனும் குளிர்ப்பெட்டியைத் திறந்து, இருப்பதைக் கணக்கெடுத்து, அதைக்கொண்டே அன்றைய சாப்பாட்டை அவர்கள் ஆக்கிப் பரிமாறட்டும். வீட்டுப் பெண்ணும் அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.