கடையும் வீடும் ஒரே மனையில்: வரைபடம் போடுமுன் கவனிக்க வேண்டியவை

வந்த சரக்கு சரியில்லை என்றால் மண்டிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம். தவறான இடத்தில் எழுப்பிய சுவரை எங்கும் திருப்பி அனுப்ப முடியாது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த முதலைப் போட்டு வீடு கட்டும் வணிகர், காகிதத்தில் இருக்கும்போதே நன்றாக யோசிக்க வேண்டும். காகிதத்தில் ஒரு சுவரை நகர்த்தச் செலவு ஏதுமில்லை.

நம்மில் பலர் முன்புறம் கடை, பின்புறமும் மேலும் வீடு என்றே கட்டுகிறோம். வாடகை மிச்சம், பிள்ளைகள் கண்ணெதிரில், சரக்குக்கும் காவல் என்று வசதிகள் உண்டு. ஆனால் இப்படிக் கட்டும்போது கடையின் அளவையும் ஷட்டரின் அகலத்தையும் முதலில் தீர்மானித்துவிட்டு, மிஞ்சிய இடத்தை வீட்டுக்கு ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. இதனால் வரும் குறைகளில் பெரியது, வீட்டுக்கெனத் தனி வழி இல்லாமல் போவதுதான்.

தனி வழி ஏன் வேண்டும்?

மளிகைக் கடையில் எண்ணெய், கற்பூரம், தீப்பெட்டி, அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. இரவில் மின்கசிவால் தீப்பிடித்தால், தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைச் சாய்க்கும். புகை மேல்நோக்கிப் போகும். கடைக்குள்ளிருந்து மாடிப்படி ஏறினால், அந்தப் படியே புகைபோக்கியாகிவிடும். இறங்கி வர வேறு வழி இல்லாமல், ஷட்டரும் பூட்டியிருந்தால், மாடியில் உறங்கும் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே மாடிப்படி கடைக்குள் இருக்கவே கூடாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே 9 அங்குலச் செங்கல் சுவர், துவாரம் ஏதும் விடாமல், கூரை வரை செல்ல வேண்டும். இடையில் போகவர ஒரு கதவு தேவைதான். அது கனமான மரக்கதவாக இருக்கட்டும்; இரவில் மூடியே இருக்கட்டும். வீட்டு வாசலின் கிரில் கதவுச் சாவி உட்புறத்தில், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். மாடியில் திறந்த பால்கனி ஒன்றாவது இருப்பது நல்லது.

ஒரு மாதிரி அமைப்பு

20 அடி அகலம், 60 அடி நீளம் உள்ள 1,200 சதுர அடி மனையை எடுத்துக்கொள்வோம். முன்னால் 5 அடி, பின்னால் 4 அடி விடுவோம். ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் 4 அடி சந்து விட்டால், அதுவே வீட்டுக்கு வழி. எல்லா அறைக்கும் அதிலிருந்தே வெளிச்சமும் காற்றும் கிடைக்கும். இரு சக்கர வாகனமும் பீரோவும் அதில் போய்வரலாம். நோயாளியைத் தூக்கிச் செல்லவும் முடியும்.

மீதமுள்ள 16 அடி அகலத்தில், சுவர் கனம் சேர்த்து, கடைக்கு 14 அடி நீளம், அதன்பின் கிடங்குக்கு 9 அடி, வீட்டுக்கு 28 அடி எனப் பிரிக்கலாம். அந்த 28 அடியில் கீழ்த்தளத்தில் 10-க்கு 8 அடி சமையலறை, சாப்பிடும் இடம், பெரியவர்களுக்கு 10-க்கு 10 அடி அறை, 8-க்கு 4 அடி குளியலறையுடன் கூடிய கழிவறை, மாடிப்படி ஆகியவை அடங்கும். கூடமும் மற்ற படுக்கையறைகளும் மாடியில். உங்கள் ஊர் விதிப்படி எத்தனை அடி விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அளவுகளை மாற்றிக்கொள்ளவும்.

சமையலறை கீழே இருந்தால், கடையைக் கவனித்துக்கொண்டே அடுப்பையும் பார்க்கும் வீட்டுப் பெண்களுக்கு நாளெல்லாம் படி ஏறி இறங்கும் வேலை மிச்சம். முதியவர்கள் அறை மாடிக்குப் போகவே கூடாது. கேஸ் சிலிண்டர் கிடங்குச் சுவரை ஒட்டி வேண்டாம். பின்புறம் காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

மாடிப்படிக்கு 7-க்கு 10 அடி இடம் வேண்டும். 10 அடி உயரத்துக்கு 18 படிகள் வைத்தால் ஒவ்வொன்றும் 7 அங்குலத்துக்குள் அடங்கும். மிதி 10 அங்குலம், அகலம் 3 அடி. இடத்தை மிச்சப்படுத்த இதில் கை வைத்தால், வயதான காலத்தில் முழங்கால் பதில் சொல்லும்.

மாடியில் மூட்டை அடுக்காதீர்

குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 10¾ சதுர அடிக்கு, ஏறக்குறைய 200 கிலோ எடை தாங்கும்படி கணக்கிடப்படுகிறது. அதே இடத்தில் 25 கிலோ அரிசிச் சிப்பம் வரிசைக்கு நான்கு கொள்ளும். எட்டு வரிசை அடுக்கினால் 800 கிலோ! பண்டிகைக் காலத்தில் சரக்கு மிகுந்து மாடி அறையில் அடுக்கும் எண்ணம் இருந்தால், அதை வரைபடம் போடும்போதே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அடுக்கினால் விரிசல்தான் முதலில் சொல்லும்.

மீட்டரும் அனுமதியும்

கடைக்கும் வீட்டுக்கும் மின் இணைப்பு தனித்தனியாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு விளக்கும் குளிர்பதனப் பெட்டியும் ஓடினால், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவின்படி அது அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். சொத்து வரிக்கும், தணிக்கையாளர் தேய்மானம் கணக்கிடவும், கடைப் பகுதியின் பரப்பு தனியே குறிக்கப்பட்டிருப்பது நல்லது.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு இணையவழியில் விரைவாக அனுமதி பெறும் வழி இது. ஆனால் குடியிருப்புக்காக வந்த ஏற்பாடு இது. முன்புறம் கடை வைப்பவர் அதை மறைத்து, வீடு என்று மட்டும் காட்டி அனுமதி பெற்றால் பிற்பாடு நோட்டீஸ் வரும். உள்ளாட்சி அலுவலகத்தில் உள்ளதைச் சொல்லிக் கேட்டுச் செய்வதே நலம். 2003 முதல் மழைநீர் சேகரிப்பும் கட்டாயம். அதன் குழியும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். வங்கிக் கடன் வாங்குவோர், கடைப் பகுதிக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரிக்கவும்.

நாளைய தேவை

இன்று கடையைக் கவனிக்கும் மகன் நாளை வேறு தொழிலுக்குப் போகலாம். பிள்ளைகளிடையே பாகம் பிரிக்கும் நாளும் வரலாம். வழியும் மீட்டரும் தண்ணீர்க் குழாயும் தனித்தனியாக இருந்தால், கடையை மட்டும் வாடகைக்கு விடலாம்; மாடியைத் தனியே பிரித்துக் கொடுக்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் சொத்தும் சிக்கல், உறவும் சிக்கல்.

இன்னொன்று, கைமுதல் முழுவதையும் கட்டடத்தில் முடக்கிவிட்டு, கடையில் சரக்கு போடக் கைமாற்றுத் தேடும் நிலை கூடாது. முதலில் கீழ்த்தளம், பிறகு மாடி என்று கட்ட நினைப்பவர், மாடிக்கும் சேர்த்து அஸ்திவாரமும் தூண்களும் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

வரைபடம் கைக்கு வந்ததும் அதை அப்படியே மனையில் சுண்ணாம்புக் கோடாகப் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் அழைத்து அதற்குள் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டில் எங்கே, பீரோ எங்கே, பீரோக் கதவு திறக்க இடம் உண்டா, நள்ளிரவில் மின்சாரம் இல்லாத வேளையில் கடைக்குள் போகாமல் தெருவுக்கு வர முடியுமா என்று பார்க்கட்டும். கடைசிக் கேள்விக்கு ‘முடியும்’ என்று பதில் வந்த பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.